இரண்டு மனுவில் ஒரு பேர்

கல்முனை,
9.6.1959

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கட மனைவி கைருன்னிஸா ஸலாம் கூறி எழுதுவது. நானும் புள்ளைகளும் அல்லாஹ்ட காவலில் சுகம். பதுளைக் குளிரில் உங்கட இருமல் எப்படி? இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை. கோபமா, வேலையா என்று தெரியாமல் மூன்றாவதையும் எழுதிறேன்.

தொகுதி பிரிக்கிற கமிஷன் வாற செவ்வாய்க்கிழமை மட்டக்களப்பு அரசாங்கக் கச்சேரியில் கூடுதாம். நம்மட குறிச்சியை நடுத்தெருவால் பிளந்து இரண்டு தொகுதிக்குப் பங்கு போடப் போறாங்களாம். பள்ளிவாசல் ஒரு எம்.பி.க்கு, மையத்து அடக்கிற மையவாடி இன்னொரு எம்.பி.க்கு! பிளக்க வேண்டாம் என்று நீங்க எழுதி, முதல் ஒப்பமும் வைச்சுத் தந்த மனுவைத்தான் நம்பியிருந்தோம்.

அந்த மனுவில்தான் இப்ப வினை. ஜும்ஆ முடிஞ்சு அந்தந்தக் குடிக்கு அந்தக் குடித் தலைவரான மரைக்கார்தானே ஒப்பம் எடுத்தாங்க. குடி என்றால் உம்மா வழி வம்சம், கலியாணம் முடிச்சாலும் மாறாது. கலியாணம் முடிச்சு அடுத்த ஊருக்கு மாப்பிள்ளையாகப் போன ஆம்பிளைகளும் வந்து, தங்கட குடி என்று ஒப்பம் வைச்சிட்டாங்க. பள்ளிக் காரியத்துக்கு அது சரி. வோட்டு லிஸ்ட்டில் அவங்கட பேர் பொண்டாட்டி ஊரில் அல்லவா கிடக்கு! பள்ளிக்கூடத்து அப்துல் கபூர் மாஸ்டர் லிஸ்ட்டோடு ஒத்துப் பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டு பேரில் நூற்றுக்கு மேல் நம்மட ஊர் வோட்டே இல்லை. கள்ள மனு என்று கமிஷன் தூக்கி எறிஞ்சால் என்ன செய்யிற? காலிதீன் சாச்சா, யார் எண்ணப் போறான் என்கிறார். அவருக்கு எல்லாம் விளையாட்டு.

எனக்குப் பொறுக்கல்ல. வீடும் வோட்டுமாக இந்த ஊரிலேயே கிடக்கிறது பொம்புளைகள்தானே, எங்கட ஒப்பத்தை ஏன் கேட்கல்ல என்று என்ட வாப்பாவிடம் கேட்டேன். பொம்புளைப் பேர் கச்சேரிக்குப் போறதா என்று குதிச்சார். குதிக்கட்டும் என்று நானும் அடுத்த வீட்டு மைமூனாவும் வீடு வீடாகப் போனோம். ஒப்பமும் கைநாட்டுமாக நூற்றுத் தொண்ணூறு. எங்கட குடி ஸலாஹுதீன் மரைக்கார் வாங்கிப் பார்த்தார். பழைய பட்டியல் பிழை என்று மனு எழுதினவரே ஒரு கடிதம் தந்தால் புதுசைக் கொண்டுபோகலாம் என்றார்.

மச்சான், அடுத்ததையும் எழுதத்தான் வேணும். உங்கட உம்மாவின் ஊராரும் ஒரு மனு போட்டிருக்காங்க, நம்மட குறிச்சியில் பாதியைத் தங்களோடு சேர்க்கச் சொல்லி. அதில் உங்கட குடிப் பட்டியலில் மூன்றாவது ஒப்பம் உங்கடது. அதைக் கண்ட மாஸ்டர் எனக்கு மட்டும்தான் சொன்னார். உங்கட குடி மரைக்கார் கேட்க, மறுக்க ஏலாமல் வைச்சிருப்பீங்க, எனக்கு விளங்குது. ஆனால் கமிஷன் முன்னால் இரண்டையும் வாசிச்சால் சனம் உங்களை என்ன கதைக்கும்? வெட்கத்தில் செத்துப் போவேன்.

திங்கட்கிழமைக்கு முந்திக் கடிதம் அனுப்புங்க. ஒரு ஒப்பத்தை வாபஸ் வாங்குங்க. எதை என்று நான் சொல்லமாட்டேன். உம்மாவிடமிருந்து புள்ளையைப் பிரிச்ச பழி எனக்கு வேண்டாம். சின்னவள், வாப்பா எப்ப வருவார் என்று கேட்டபடி.

கமிஷன் எல்லைக் கோட்டை எங்கே போட்டாலும், ரப்புல் ஆலமீனான அல்லாஹ் உங்களை எங்கட பக்கத்தில் வைக்கட்டும்.

உங்கட பதிலுக்காகக் காத்திருக்கும்,
கைருன்னிஸா