குப்பியில் கேட்ட எச்சில்

நம் மகள் அன்புச்செல்வியின் அப்பா அவர்களுக்கு அழகி வணங்கி எழுதுவது. நான் நல்ல சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

சென்னையில் பல் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறேன் அல்லவா, நேற்று அங்கே ஒரு கூத்து. பயப்பட ஒன்றுமில்லை. ஆராய்ச்சி செய்யும் நிலவழகன், நம் பேரன் வயசு, ஒரு குப்பியை நீட்டி, "இதுல துப்புங்க பாட்டி" என்றான்.

சும்மா எவனாவது எச்சில் கேட்பானா? செய்வினைக்காரன்தான் கேட்பான். "எதுக்குய்யா?" என்றேன். பிடுங்கிய பல்லின் வேரில் அதை விட்டு, சர்க்கரைத் தண்ணீரும் விட்டு, வாய்க்குள் படிகிற வழவழப்பான அழுக்கை வளர்ப்பார்களாம். வயதானவர்களுக்குப் பல்வேர் எப்படிச் சொத்தையாகிறது என்று பார்க்கவாம். நான் தேய்த்துக் கழுவுகிற அழுக்கை இவன் வளர்க்கிறானாம்! அஞ்சாவது படித்தவளிடம் இந்தக் கதையா?

"மொதல்ல நீ துப்பு. ரெண்டையும் ஒண்ணாக் கலக்கு" என்றேன். வினை வைத்தால் அவனையும் சேர்த்துத்தானே பிடிக்கும்? "எப்பவும் பல பேரோடதக் கலக்கித்தான் வளப்போம் பாட்டி" என்று சிரித்துக்கொண்டே துப்பிவிட்டான். வேறு வழியில்லாமல் நானும் துப்பினேன். அந்தச் சிரிப்புதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

விராலிமலை விபூதி கொஞ்சம் வேண்டும். தபாலில் போடாதீர்கள், வழியில் யார் பிரிப்பார்களோ. நீங்களே பஸ் ஏறிக் கொண்டுவந்து கொடுங்கள். உடனே திரும்பாமல் தங்குகிற மாதிரி வாருங்கள்.

கழுவக் கூப்பிடுகிறார்கள்.

அழகி