மடியிலா, மேசையிலா

மார்ச் 4

லிஃப்ட்காரருக்கு,

புது லேப்டாப் கனமாக இருந்தால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கனம் பிரச்சினையா என்று நீ கேட்டாய், யோசிக்கிறேன் என்றேன். இரண்டும் வேறு.

பழைய லேப்டாப் போய்விட்டது. திறந்தால் திரையில் கோடுகள், பிறகு கருப்பு. கடைக்காரர் தட்டிப் பார்த்துவிட்டு, "விட்டுடுங்க மேடம், பாவம், நல்லா உழைச்சிருச்சு" என்றார். புதிதாக இரண்டு காட்டினார். ஒன்றில் கிராஃபிக்ஸ் உள்ளேயே சேர்ந்து வருகிறது. இன்னொன்றில் அதற்கென்று தனிச் சிப்.

"கேம் விளையாடுவீங்களா?" என்றார்.

"ஆமா."

"என்ன கேம்?"

இருபது வருடப் பழைய டிராகன் கேமை, பழைய கேம்களை ஓட்டுகிற எமுலேட்டரில் போட்டு, ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் என்று நானும் கணவரும் மாறி மாறி விளையாடுகிறோம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வீடு என்றது உன்னை. போனில் பேசினால் எங்கே போய் முடியும் என்று நம் இருவருக்குமே தெரியும். அதனால் எழுது.

நான் நலம். பகல் முழுக்க ஒலி புகாத அறையில் மற்றவர்களுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கிறேன். சாயங்காலம் அறைக்கு வந்தால் அதே அமைதி, சம்பளம் இல்லாமல்.

காது டாக்டர்
(டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும்)

*

மார்ச் 7

காது டாக்டர் அம்மாவுக்கு,

நேற்று ஒரு லிஃப்டில் ஒரு அம்மா மாட்டிக்கொண்டார். "பயப்படாதீங்கம்மா, வந்துட்டேன்" என்று வெளியிலிருந்து கத்தினேன். "பயமெல்லாம் இல்லப்பா, பால அடுப்புல வெச்சுட்டு வந்துட்டேன்" என்றார். கதவைத் திறந்ததும் நன்றிகூடச் சொல்லாமல் ஓடினார். உன் நினைவு வந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். சேர்ந்து வருகிற கிராஃபிக்ஸுக்குத் தனக்கென்று நினைவகம் கிடையாது. லேப்டாப்பின் பொது நினைவகத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். நம் டிராகன் கேமுக்கு அது தாராளம். எமுலேட்டர் முதலில் பார்ப்பது பிராசஸரைத்தான். அது நல்லதாக இருந்தால் பழைய கேம் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. நினைவகம் மட்டும் ஒற்றைத் துண்டாக இல்லாமல் ஜோடியாக இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேள்.

தனிச் சிப் வேறு சாதி. புதுக் கேம்கள் ஓடும். பழையதையும் பல மடங்கு பெரிதாக்கித் துல்லியமாகக் காட்டும். ஆனால் சுடும், விசிறி இரையும், ப்ளக்கைப் பிடுங்கினால் சீக்கிரம் மூச்சு வாங்கும். சார்ஜர் செங்கல் மாதிரி.

ஆகவே நீ ஒன்றுதான் சொல்ல வேண்டும். மடியில் வைத்துக்கொள்ளப் போகிறாயா, மேசையில் போட்டுவிடப் போகிறாயா? பையில் வைத்து ரயில் ஏறுகிற ஆளுக்கு ஒன்று, ஒரே இடத்தில் இருக்கிற ஆளுக்கு ஒன்று. எத்தனை வருடத்துக்கு என்பதையும் சொல். நீ அங்கே இருப்பது நாம் பேசிய ஒரு வருடம்தான் என்றால் எதை வாங்கினாலும் ஓடும்.

அம்மா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "கம்ப்யூட்டரப் பத்தி பக்கம் பக்கமா எழுதுற, எப்ப வர்றேன்னு ஒரு வரி கேளேன்டா" என்றாள்.

"அதத்தாம்மா கேட்டுட்டு இருக்கேன்" என்றேன்.

லிஃப்ட்காரன்

*

மார்ச் 15

லிஃப்ட்காரருக்கு,

தாமதத்துக்கு மன்னி.

மடியா மேசையா என்று கேட்டிருக்கிறாய். இங்கே மேசையே இல்லை. கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன், கட்டிலில் துணி மடிக்கிறேன். ஒரு ஜன்னல். எதிரே ஒரு சுவர்.

நேற்று ஒரு சிறுமி வந்தாள். ஹெட்ஃபோனில் சத்தம் கேட்டால் கை தூக்க வேண்டும். நான் சத்தம் அனுப்பாதபோதும் தூக்கினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய், "எதுவும் கேக்கலையே, ஏன்டா தூக்கின?" என்றேன்.

"நீங்க ரொம்ப நேரமா பாத்துட்டே இருந்தீங்க. பாவமா இருந்துச்சு" என்றாள்.

சிரித்துவிட்டேன். பிறகு அறிக்கையில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரித் தலைமை அம்மா என்னை அவர் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். பெரிதாக ஒன்றுமில்லை.

லேப்டாப்பை அடுத்த வாரம் முடிவு செய்கிறேன். அத்தையிடம் கேட்டதாகச் சொல்.

கா. டா.

*

மார்ச் 18

காது டாக்டருக்கு,

சேர்ந்து வருகிறதையே வாங்கு. லேசானது. போதும்.

முதலில் தனிச் சிப் என்றுதான் எழுதினேன். புதுக் கேம்களில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆடலாம், நீ அங்கே, நான் இங்கே, என்று ஆசை காட்டி ஒரு பத்தி. அழித்துவிட்டேன். அதை வாங்கினால் மேசை வேண்டும். மேசை வாங்கினால் நாற்காலி. நாற்காலி வாங்கினால் ஒரு விளக்கு. அப்புறம் அது வீடு.

தலைமை அம்மா எதற்குக் கூப்பிட்டார்? பெரிதாக ஒன்றுமில்லை என்று நீ சொன்னால் பெரிதாக ஏதோ இருக்கும்.

லி.

*

மார்ச் 29

உனக்கு,

இன்னும் இரண்டு வருடம் இருக்க முடியுமா என்று தலைமை அம்மா கேட்டார். அன்றே சரி என்றேன். உன்னைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. உன் கடிதம் வந்த பிறகும் ஒரு வாரம் சொல்லவில்லை.

இங்கே தனியாகத்தான் இருக்கிறேன். பிடித்துப்போய் இருக்கிறேன் என்று நினைக்காதே. ஆனால் அங்கேயும் தனியாகத்தான் இருந்தேன். நீ ஷிஃப்ட் முடிந்து வரும்போது நான் கிளம்பியிருப்பேன். நான் வரும்போது தலையணையில் கொஞ்சம் பள்ளம் இருக்கும். கேமைத் திறந்து, நீ எங்கே விட்டிருக்கிறாய் என்று பார்ப்பேன். மீன் பிடித்திருந்தால் உனக்குக் களைப்பு. வேண்டாத சண்டைக்கெல்லாம் போயிருந்தால் வேலையில் யாரோ திட்டியிருக்கிறார்கள். ஒரே வீட்டில் இருந்த நாட்களில் உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். அதில் உன் குற்றம் எதுவும் இல்லை. விளையாட்டு நன்றாகத்தான் இருந்தது. அதையே குடித்தனம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைக்குப் போனேன். "வீட்ல என்ன சொன்னாங்க மேடம்?" என்றார்.

"சேர்ந்து வர்றதே போதும்னாங்க."

"கரெக்ட்தான். பழைய கேமுக்கு எதுக்கு தனிச் சிப்?" என்று லேசானதை எடுத்து நீட்டினார். ஒரு கையில் பிடிக்க முடிந்தது. நான் கனமானதைக் காட்டினேன். அவர் பெட்டியைக் கட்டினார்.

நீ எழுதியது எல்லாம் சரி. எனக்கு அது தேவையில்லை. சுடுகிறது, இரைகிறது. இதைத் தூக்கிக்கொண்டு யாரும் ரயில் ஏற முடியாது. உன்னிடம் சொல்ல எனக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை. இப்போது நேராகவும் சொல்கிறேன்: நான் வரவில்லை.

இனி நம் கேமை, நீ விட்ட இடத்தோடு சேமித்து, எனக்கு அனுப்பாதே. அதில் நீ எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போ.

நான்

பின்குறிப்பு: எழுதியதும் அனுப்பவில்லை. ஒரு மேசையும் வாங்கியிருந்தேன்; அதன் பலகைகளைத் தரையில் பரப்பி, கால்களைப் பூட்டினேன். ஒன்று ஆடியது. லேப்டாப் பெட்டியின் அட்டையை மடித்து அடியில் செருகினேன். தட்டை மேசையில் வைத்து, நாற்காலி இல்லாமல் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.