மிஸ் கொர்டேரோ தனியாக வாசித்த நாள்

லவன்டீல் மலை, ட்ரினிடாட்

என் மகள் ஜெனெல்லுக்கு, டொராண்டோ குளிரில் நீயும் மருமகனும் என் தங்கப் பேத்தியும் நோய்நொடியில்லாமல் இருக்கவேண்டும், இங்கே முழங்கால் வலி தவிர எனக்கு ஒரு குறையுமில்லை, அதுவும் இந்த வாரம் வலிக்கவில்லை, ஏனென்று கேள். உன் பழைய பியானோ டீச்சர் மிஸ் கொர்டேரோ நம் பான் கொட்டகைக்கு வந்தாள். பள்ளியில் இப்போது நம் தகரப் பீப்பாய் வாத்தியமான பானும் பாடமாம், அதை நடத்துகிறவர் ஒரு கார்னிவலாவது குழுவோடு மேடையேறியிருக்கவேண்டுமாம். ஜன்னல் வழியாகக் கேட்ட பாட்டை நீ அப்படியே பியானோவில் வாசித்தபோது, இசைத்தாளைப் படிக்கத் தெரியாததுக்கு இசை எதுக்கு, மலைப் பொண்ணு கை தகரம் தட்டத்தான் லாயக்கு என்று வகுப்பு முன்னால் சொல்லி வெளியே அனுப்பினாளே, அதே வாய் என்னிடம் "சௌக்கியமா மிஸஸ் ஒலிவ்" என்றது. அன்றோடு நீ வாசிப்பதையே விட்டாய். நான் மறப்பேனா?

வந்தவள் பானுக்கு முன்னால் ஸ்டாண்டை நட்டுத் தாளை விரித்தாள். கொட்டகையே சிரித்தது. "டீச்சரம்மா, காத்து அடிச்சா பாட்டும் பறந்துருமே" என்றான் நம் குழுக் கேப்டன் ஹோலிஸ். நம் வழக்கம் தெரியுமே, முன்னால் நிற்பவர் கையைப் பார்த்து, காதில் வாங்கி, துண்டு துண்டாக மனதில் ஏற்றவேண்டும், மேடைக்கு முன் ஒவ்வொருவரும் தனியாக வாசித்துக் காட்டவேண்டும். புதியவர்களை ஹோலிஸ் கண்டும் காணாமல் விடுவான், இவளையும் விடப் பார்த்தான். கமிட்டியில் மூத்தவள் நான், முடியாது என்றேன். "தாளை மடிச்சு வைங்க மிஸ், இப்ப வாசிங்க." பாதியில் கை நின்றது. மறுபடி என்றேன், மறுபடியும் நின்றது. "ஒலிவ் டான்டி, பாவம், விட்டுருங்க" என்றார்கள் குழுப் பிள்ளைகள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது மகளே, பாவமெல்லாம் வரவில்லை. குச்சிகளைக் கீழே வைத்தவள், அடுத்த வருஷம் வரலாமா என்று கேட்டாள். வாங்க, கடைசி வரிசையில நில்லுங்க, சொல்லித்தர ஆள் வருது என்றேன்.

அந்த ஆள் நீதான். அடுத்த கார்னிவலுக்கு லீவு எழுதிப் போடு, முன்வரிசையில் ஓர் இடம் உனக்கென்று ஹோலிஸிடம் சொல்லிவிட்டேன். கை மறந்துபோச்சு அம்மா என்று எழுதாதே. மறந்தால் அவள் கண் முன்னாலேயே மறுபடி கற்றுக்கொள், அதையும் பார்க்கட்டும்.

பேத்திக்குக் காதை மூடிக் குல்லா போடு. ஆண்டவர் உங்கள் மூவரையும் காப்பார்.

உன் அம்மா,
ஒலிவ் பப்டிஸ்ட்