கே.டி. ராஜேந்திரன் என்னும் போர்ப்படகு

1985 மார்ச் 3, ஞாயிறு

காலையிலிருந்தே வெயில். பிரிக்பீல்ட்ஸ் வெந்துகொண்டிருக்கிறது. துணி பதினொரு மணிக்கே காய்ந்துவிட்டது. மகள் சுதா ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து துவைக்கவும் அதிகம் இல்லை.

மதியம் அவர் ஒரு பெரிய பெட்டியோடு மூன்று மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்குகிறது, முகம் முழுக்கச் சிரிப்பு. ரைஸ் குக்கர் என்று நினைத்தேன். இருப்பதற்கு மூடி சரியில்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

ரைஸ் குக்கர் இல்லை. போர்ப்படகு. ரிமோட்டில் ஓடுமாம். துண்டு துண்டாக இருக்கிறது, நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டும். பெட்டி மேல் படத்தில் பெரிய அலை, பீரங்கி, புகை.

"ரெண்டே வாரம் லெட்சுமி. பாரு."

காரணம் மிஸ்டர் லிம். இவருடைய டயர் கம்பெனி மேனேஜர். ஞாயிறுதோறும் அவரும் நாலைந்து கூட்டாளிகளும் அம்பாங்கில், ஈயம் தோண்டி விட்டுப்போன பழைய குட்டை ஒன்றில் படகு விடுகிறார்களாம். இவர் டீ நேரத்தில் "நானும் ஒண்ணு கட்டுறேன் பாஸ்" என்று வாயைக் கொடுத்துவிட்டார். மாதக் கடைசி ஞாயிறு கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள்.

நம் வீட்டில் பல்பு மாற்றுவதே நான்தான்.

மார்ச் 5, செவ்வாய்

தொழிற்சாலையில் காலை ஷிப்ட். கால் வலி. கருவாட்டுக் குழம்பு, கொஞ்சம் உப்பு தூக்கல்.

செய்முறைத் தாள் முழுக்க ஜப்பான் எழுத்து. அவருக்குக் கவலையே இல்லை. "படம் இருக்குல்ல, போதும் லா."

இதுவரை ஒட்டியவை: படகின் அடிப்பாகம், இரண்டு பீரங்கி, அவருடைய ஆள்காட்டி விரலும் கட்டை விரலும், சாப்பாட்டு மேசை விரிப்பு. விரிப்பைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் படகை எடுத்தோம். அடியில் ஒரு ரோஜாப்பூ ஒட்டிக்கொண்டு இருக்கிறது. தண்ணீருக்குள் போனால் தெரியாது என்கிறார்.

தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மார்ச் 8, வெள்ளி

கோயில். கூட்டம். செருப்பு தொலையவில்லை.

திரும்பி வந்தபோது படகு முடிந்திருந்தது! மேல்தளப் பலகை ஒட்டி, கம்பி வேலி நட்டு, உண்மையிலேயே அழகாக இருந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பெட்டியை மடக்கி வைக்கலாம் என்று எடுத்தால் உள்ளே ஏதோ உருண்டது. மோட்டார்.

"இது என்னங்க?"

"அது எக்ஸ்ட்ரா."

"இந்தச் சின்னப் பெட்டி? வயரு?"

பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "ஜப்பான்காரன் எப்பவும் கூடவே வெச்சுதான் அனுப்புவான்."

மேல்தளத்தில் இரண்டு விரல் அளவு மூடி ஒன்றுதான் திறக்கிறது. அதன் வழியாக மோட்டார் நுழையாது. பதினொரு வருடம் ரேடியோ தொழிற்சாலையில் சோல்டரிங் செய்து, இப்போது செக்கிங் லைனில் உட்கார்ந்திருக்கிறவள் நான். இந்த மனிதர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குளிக்கப் போனேன்.

மார்ச் 11, திங்கள்

இந்த வாரம் மதிய ஷிப்ட். காலையெல்லாம் வீடு எனக்கு.

செய்முறைத் தாளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். டீ இடைவேளையில் எங்கள் ஜப்பான் இன்ஜினியரிடம் காட்டினேன். நல்ல மனிதர், சிரித்து நான் பார்த்ததில்லை. தாளைப் பார்த்ததும் கண் பெரிதாகிவிட்டது. பிஸ்கட்டை வைத்துவிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் இங்கிலீஷில் எழுதிக்கொடுத்தார். எட்டாவது படத்தின் கீழ் இரண்டு கோடு போட்ட வரி. மோட்டார் வைப்பதற்கு முன் மேல்தளத்தை ஒட்டாதீர்கள்.

"மகனுக்கா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். நாற்பத்திரண்டு வயது மகன்.

மார்ச் 13, புதன்

அவர் வேலைக்குப் போனதும் ஆரம்பித்தேன். மேற்குக் காற்று மாதிரி ஏதோ வந்தது, ஜன்னலை மூடினேன்.

காய் நறுக்கும் கத்தியை அடுப்பில் காட்டி, மேல்தளத்தின் ஓரமாக மெதுவாக விட்டேன். பசை இளகியது. ஒரு கம்பி வேலி உடைந்தது. பலகை முழுதாக வந்துவிட்டது. திருடுகிற மாதிரி வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

மோட்டார். பேட்டரி. சுக்கானைத் திருப்புகிற சின்ன மோட்டார். ரிமோட் சொல்வதைக் கேட்கிற ரிசீவர். பன்னிரண்டு இடத்தில் சோல்டரிங். பன்னிரண்டும் பளபளவென்று.

நேரம் போனதே தெரியவில்லை. சமைக்கவில்லை. கடையில் நாசி லெமாக் சோறு வாங்கி வைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

ஓடும்போது நினைத்தேன். இத்தனை வருடத்தில் எத்தனை லட்சம் சோல்டரிங் புள்ளி வைத்திருப்பேன். ஒன்றாவது ஒரு பொருளாகி யார் வீட்டிலாவது பாடி நான் கேட்டதில்லை. போர்டு வரும், போகும், அடுத்த போர்டு வரும்.

மார்ச் 15, வெள்ளி

மேல்தளத்தைத் திரும்ப ஒட்டியாயிற்று. இந்த முறை நடுவில் பெரிய பகுதியைத் திறந்து மூடும்படி விட்டேன்.

காலை அவர் காப்பி குடித்துக்கொண்டே படகைப் பார்த்தார். ரிமோட்டைப் பார்த்தார். சும்மா அழுத்தினார்.

பின்னால் புரொப்பெல்லர் சர்ரென்று சுற்றியது. காப்பி சட்டையில்.

பெட்டியைப் போய்ப் பார்த்தார். காலி.

"அந்த எக்ஸ்ட்ரா மோட்டார் எங்க?"

"உள்ள இருக்கு."

"யாரு வெச்சா?"

"நீங்கதான்."

சட்டையைத் துடைத்தார்.

"ஆமா லா," என்றார்.

மார்ச் 16, சனி

தண்ணீர் சோதனை. குளியலறைத் தொட்டியில் விட்டதும் படகு இடது பக்கம் சாய்ந்து, தோளில் தலை சாய்த்த மாதிரி நின்றது. வலது பக்கம் எடை வேண்டும். அவர் சமையலறைக்குப் போய் ஒரு பாக்கெட் பச்சைப்பயறு கொண்டுவந்து உள்ளே வைத்தார். நேராக நின்றது. அவருடைய முதல் வெற்றி.

தொலைபேசியில் லிம்மிடம் பேசுவது கேட்டது. "மோட்டார், வயரிங், ஆல் மைசெல்ஃப் பாஸ். ரொம்ப கஷ்டம், பட் கேன் டூ லா."

வெங்காயம் வேகமாக நறுக்கினேன்.

மார்ச் 20, புதன்

வீட்டில் ஒரு நாற்றம். செத்த எலி என்று அலமாரி, கட்டில் எல்லாம் நகர்த்தினோம். எலி இல்லை.

படகு. மூடியைத் திறந்தால் பச்சைப்பயறு முளைவிட்டு, பாக்கெட்டைக் கிழித்துக்கொண்டு, ரிசீவர் மேல் படர்ந்திருக்கிறது. பீரங்கி ஓட்டை வழியாக ஒரு முளை வெளியே எட்டிப் பார்க்கிறது. உள்ளே தண்ணீர் கசிகிறது என்று இப்படித்தான் தெரிந்தது.

புரொப்பெல்லர் கம்பி போகும் குழாயில் கிரீஸ் அடைத்தேன். பயறுக்குப் பதில் தூண்டில் ஈயக்குண்டு. ரிசீவர் பிழைத்துக்கொண்டது.

"முளைகட்டுன பயறு உடம்புக்கு நல்லது," என்றார். முறைத்தேன். குப்பையில் போட்டார்.

மார்ச் 24, ஞாயிறு

பெயர் எழுதும் நாள். நம் நாட்டுப் போர்க்கப்பல் பெயருக்கெல்லாம் முன்னால் கே.டி. என்று இருக்கும். அதனால் அவரும் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, வெள்ளைப் பெயிண்டில் தன் பெயரைத் தமிழிலேயே எழுதினார். கே.டி. ராஜேந்திரன்.

படித்துப் பார்த்தேன். அடக்க முடியவில்லை.

"என்ன சிரிப்பு?"

"சத்தமா படிங்க."

"கேடி ராஜேந்..." நின்றுவிட்டார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். எத்தனை மாதமாயிற்று இப்படி.

அழிக்க மாட்டேன் என்கிறார். அவருக்கு அதுவும் பிடித்திருக்கிறது.

மார்ச் 31, ஞாயிறு

அம்பாங். மேகமூட்டம், காற்று இல்லை. எழுத நிறைய இருக்கிறது.

குட்டை பெரியது. கரையில் வெள்ளை மணல். ஆழம் யாருக்கும் தெரியாது என்று போகும் வழியெல்லாம் பயமுறுத்தினார். லிம்முடையது என் கை நீளத்துக்கு ஒரு போர்க்கப்பல். மற்றவர்களுடையவையும் பெரியவை. நம்முடையது நடுவில் தம்பி மாதிரி.

பெண்கள் மரத்தடியில். நான் முட்டை ரொட்டியும் குடையும் பிடித்துக்கொண்டு அவர்களோடு.

படகை விட்டார். லிம்மின் கப்பல் வலது பக்கம் திரும்பியது. நம்முடையதும் திரும்பியது. அது இடது. இதுவும் இடது. அது நின்றது. இது நின்றது. வேடிக்கை பார்த்தவர்கள் கை தட்டினார்கள். "வாஹ்! ஃபார்மேஷன்! அணிவகுப்பு!"

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ரிமோட்டைத் தூக்கிப் பிடித்து, இடுப்பை வளைத்து, சொந்தக் கையால் ஓட்டுவதாகவே நினைத்துக்கொண்டு.

எனக்குப் புரிந்துவிட்டது. லிம்மின் ஆன்டெனாவில் பழுப்பு ரிப்பன். நம் ஆன்டெனாவிலும் பழுப்பு ரிப்பன். இரண்டும் ஒரே அலைவரிசை. பக்கத்திலிருந்த லிம்மின் பெரிய ரிமோட் சொல்வதைத்தான் நம் படகு கேட்டுக்கொண்டிருந்தது. இவர் கையில் இருந்தது வெறும் டப்பா.

ரொட்டியை வைத்துவிட்டு ஓடினேன். அதற்குள் லிம் தன் கப்பலைக் கரை சேர்த்து, ரிமோட்டை அணைத்துவிட்டார். அந்த நிமிஷம் படகு முதன்முறையாக நம் ஆளின் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. நம் ஆளோ முழு வேகத்தில் அழுத்திக்கொண்டிருக்கிறார். கேடி ராஜேந்திரன் அம்பு மாதிரி எதிர்க்கரைக்குப் பாய்ந்தார்.

"விடுங்க! கையை எடுங்க!"

"எந்தக் கையை?"

எதிர்க்கரையில் ஒரு சீனக் கிழவர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். தூண்டில் நரம்பு இழுபட்டதும் எழுந்து நின்று கத்தினார். "இக்கான் பெசார்! இக்கான் பெசார்!" பெரிய மீனாம். கால் ஊன்றி, சுற்றிச் சுற்றி இழுத்து, கடைசியில் தண்ணீர் சொட்டச் சொட்ட நம் படகைப் பீரங்கியோடு தூக்கினார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

சுற்றிப்போய் மன்னிப்புக் கேட்டு வாங்கி வந்தோம். ஒரு பீரங்கி போச்சு. சுக்கான் வளைந்துவிட்டது. லிம் படகைக் கையில் வாங்கி மூடியைத் திறந்தார். எல்லாரும் சுற்றி நின்றார்கள். லிம் உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ராஜா, இந்த வயரிங் யூ டூ ஆ? வெரி நீட். ஃபேக்டரி மாதிரி."

அவர் என்னைப் பார்க்கவில்லை. செருப்பால் மணலைக் கிண்டினார். கழுத்து வேர்த்தது. இன்னொரு முறை ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

"நோ பாஸ். என் வைஃப் செஞ்சது. நான் பசை மட்டும்தான் போட்டேன்." பிறகு, "அதுவும் தப்பா போட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். லிம் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "லெட்சுமி, என் கப்பல் அப்பப்ப தானா நின்னுடுது. பார்க்க முடியுமா?" என்று இங்கிலீஷில் கேட்டார். பார்த்தேன். ஒரு சோல்டரிங் விட்டுப்போயிருந்தது.

ஒரு ஆள் மஞ்சள் ரிப்பன் கிரிஸ்டல் ஜோடி இரவல் கொடுத்தார். அது இருந்தால் அலைவரிசை மோதாது.

திரும்பும் வழியில் கார் ஊர்ந்தது. செராஸ் பக்கம் ஜாம். சிவப்பு விளக்கில் சொன்னார்.

"மோட்டார் தானா நடந்து உள்ள போகாதுன்னு எனக்கும் தெரியும் லெட்சுமி."

"பின்ன ஏன் லிம்கிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"வெக்கமா இருந்துச்சு." பச்சை விழுந்தது. பின்னால் லோரிக்காரன் ஹார்ன். "ஒம்பது வருஷமா ஸ்டோர்ல டயர் அடுக்குறேன். ஒரு தடவையாவது எதையாவது கட்டுனேன்னு சொல்லணும் போல இருந்துச்சு."

மிச்ச முட்டை ரொட்டியைக் கொடுத்தேன். தின்றுகொண்டே ஓட்டினார்.

ஏப்ரல் 7, ஞாயிறு

மறுபடியும் அம்பாங். மஞ்சள் ரிப்பன். சுக்கான் நிமிர்த்தியாயிற்று.

கரையில் ரிமோட்டை என் கையில் கொடுத்தார். வேண்டாம் என்றேன். "பிடி லா," என்றார்.

படகு போயிற்று. நான் சொன்ன இடத்துக்கு. வலது, இடது, நேராக, ஒரு வட்டம். மூக்கு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு. இரண்டு முறை கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. வெயில் என்றேன்.

சீனக் கிழவர் எங்களைப் பார்த்ததும் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு கரைக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 9, செவ்வாய்

சோல்டரிங் கற்றுக்கொடு என்று கேட்டார். காலை நேரத்தில், நான் கிளம்பும் முன். முதல் பாடம்: சூடான முனையைப் பிடிக்கக் கூடாது. பிடித்தார். கட்டை விரலில் பற்பசை.

இரண்டாம் பாடம்: ஊதக் கூடாது. ஊதுகிறார்.

சாயங்காலம் வானம் கறுத்தது, மழை வரவில்லை. சுதாவுக்குக் கடிதம் எழுத வேண்டும். மல்லித்தூள் தீர்ந்துவிட்டது.

ஏப்ரல் 10, புதன்

நல்ல மழை. பஸ் தாமதம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு பழைய போர்டைத் தட்டில் வைத்து நீட்டினார், பலகாரம் மாதிரி. நடுவில் ஒரே ஒரு சோல்டரிங். மத்தியானம் அரை நாள் லீவு போட்டுச் செய்தாராம். மேலே மங்கல், பக்கத்தில் விரிசல், கோழி முட்டை பாதி அளவுக்கு உருண்டை. லேசாகத் தொட்டாலே வயர் ஆடும்.

"எப்படி?"

விளக்கின் கீழ் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தொழிற்சாலையில் என் கைக்கு வந்திருந்தால் யோசிக்காமல் ரிஜெக்ட்.

பாஸ் போட்டேன்.