நமக்கென்று ஒரு நாள்

ஹார்லன் கிரீக், கான்சஸ்
12 ஏப்ரல் 1989

அன்பு அக்கா ஒத்தீலியாவுக்கு,

நேற்று நகரமன்றத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்: மேயர், உறுப்பினர் நால்வர், எழுத்தர், பாதிரியார் எவரிஸ்டோ, நம் ஜனம் முப்பத்தொரு பேர், அது போகக் கைக்குழந்தைகள் இரண்டு. ஐந்து கைகளும் உயர்ந்தன. இனி ஆண்டுதோறும் மெக்சிகோவின் விடுதலை நாளான செப்டம்பர் பதினாறு, இந்த ஊரில் ஹிஸ்பானியப் பண்பாட்டு நாள்! மேயர் அதை நம் ஸ்பானிஷ் மொழியிலேயே வாசித்தார். அவர் நாக்கு பட்ட பாட்டுக்குச் சிரிப்புதான் வர வேண்டும். எனக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்தது. மெக்சிகோவிலிருந்து தண்டவாளம் போட வந்த அப்பா இதைக் கேட்டிருக்க வேண்டும். பக்கத்துவீட்டு சொலெதாத் மட்டும், "ஒரு நாளை நமக்குக் குடுத்துட்டு முந்நூத்தி அறுபத்துநாலை அவங்களே வச்சுக்கிட்டாங்க பாத்தியாடி!" என்றாள்.

கல்யாணமாகிப் போய் நாற்பது வருஷம். ஒரு முறைகூட நீ இந்த ஊரை மிதிக்கவில்லை. முதல் விழாவுக்காவது வா. குவாடலூப்பே மாதாவிடம் அதைத்தான் கேட்கிறேன்.

உன் தங்கை
எவுலாலியா

சிகாகோ
21 ஏப்ரல் 1989

லாலி,

சந்தோஷம். ஆனால் அந்த ஊர் அப்போதே நமக்கு ஒரு நாள் கொடுத்திருந்தது. மறந்துவிட்டாயா? நகராட்சி நீச்சல் குளத்தில் வாரம் முழுக்க வெள்ளைக்காரர்கள் குளிப்பார்கள். திங்கட்கிழமை, அழுக்குத் தண்ணீரைத் திறந்துவிடுவதற்கு முன், நாம் இறங்கலாம். புதுத் தண்ணீர் எப்படித்தான் இருக்கும் என்று பதினொரு வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை இறங்கினேன். முடியைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். நான் தொட்ட தண்ணீர் என்று, என் கண்முன்னே குளத்தை மறுபடி காலி செய்தார்கள்.

நான் வரவில்லை. நீ கொண்டாடு.

ஒத்தீலியா

ஹார்லன் கிரீக்
10 மே 1989

அன்பு அக்கா,

ஒரு தப்பு செய்துவிட்டேன். விழாவை எங்கே வைப்பது என்று நேற்று மன்றத்தில் கேட்டார்கள். நான் எழுந்து, உன்னைக் கேட்காமலே, உன் கடிதத்தை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வாசித்துவிட்டேன்.

முடித்ததும் உறுப்பினர் திருமதி ஹாஸ்கெல், நம் வயதுக்காரி, எழுந்தாள். "அன்னிக்கு நானும் கரையில நின்னேன். தண்ணி முழுசும் வடியற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தோம். எங்களுக்கு அது வேடிக்கை" என்றாள். அழவில்லை. செப்டம்பர் பிறந்ததும் பூட்டிவிடும் குளத்தை இந்த வருஷம் பூட்டக் கூடாது, பதினைந்தாம் தேதி புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும் என்று முன்மொழிந்தாள். "இவங்க அக்கா எறங்காம வேற யாரும் எறங்கக் கூடாது. அதையும் எழுதிக்குங்க" என்று எழுத்தரிடம் சொன்னாள். மறுபடியும் ஐந்து கைகள். சொலெதாத்தே கைதட்டினாள் என்றால் பார்த்துக்கொள்!

மோசேக்குக் கடல் பிளந்ததை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன், அக்கா. இப்படி நடுங்கியதில்லை.

நீ என்மேல் கோபித்தால் அது நியாயம். வரவில்லை என்றாலும் தண்ணீர் நிரப்பத்தான் போகிறார்கள். விழா நாள் முழுக்க யாரும் தொடாமல் கிடக்கும்.

வருவாயா, மாட்டாயா? சீக்கிரம் பதில் எழுது.

லாலி