ஒன்பதாவது லேப்

ஜூன் 3, செவ்வாய்

பதினேழு வருஷம் மென்பொருளுக்குக் கையேடு எழுதினேன். இனி அதையும் ஒரு மென்பொருளே எழுதிக்கொள்ளுமாம். கராடி அலுவலகத்தில் இன்று மீட்டிங். மேலாளர் ப்ரியம்வதா — என்னைவிட ரொம்பச் சின்னவள் — புன்னகை மாறாமல் சொன்னாள்: "விசாலம் மேம், இது உங்களுக்கு ஒரு வாய்ப்பு!" வாய்ப்பு என்னவென்றால், மூன்று வாரத்தில் நெட்வொர்க்கிங் அடிப்படைகளைக் கற்றுக்கொண்டு ஊரின் மறுகோடியில், ஹிஞ்சேவாடியில் இருக்கும் வாடிக்கையாளரின் நேர்காணலில் தேறவேண்டும். தேறாவிட்டால்? அதற்கும் அதே புன்னகை.

ஜூன் 5

ஒவ்வொரு பயிற்சிக்கும் 'லேப்' என்று பெயர்; ஆனால் நிஜமான கம்பியோ பெட்டியோ கிடையாது. எல்லாம் திரையில் படம். கணினிப் படத்தை இழுத்து வைத்து, கணினிகளை ஒன்றோடொன்று கோக்கும் 'சுவிட்ச்' பெட்டியின் படத்தை வைத்து, நடுவே ஒரு கோடு போட்டால் அதுதான் கேபிள். எதைத் தப்பாகச் செருகினாலும் ஷாக் அடிக்காது. சிவப்பு விளக்கு மட்டும் எரியும். என் திரை கார்த்திகை தீபம் மாதிரி இருந்தது. அத்தனையும் சிவப்பு.

அவர் எட்டிப் பார்த்தார். "ஏண்டி, இதுக்கா சம்பளம் குடுக்கறா? கார்ட்டூன்னா இது!" என் கணவர் சுந்தரராமன் வங்கி அதிகாரி. வைஃபை நின்றால் அணைத்துப் போடுவார். அவருக்குத் தெரிந்த நெட்வொர்க்கிங் அவ்வளவுதான்.

ஜூன் 11

'பிங்' என்றால் ஒரு கணினி இன்னொன்றை "இருக்கியா?" என்று கேட்பது. "இருக்கேன்" என்று வந்தால் இணைப்பு சரி. இன்று முதல்முறையாக வந்தது. படத்தில் இருக்கும் ஒரு பெட்டி இன்னொரு படத்துக்குச் சொன்ன பதில். அதற்கு எனக்கு ஏன் கண் கலங்கியது? வெட்கக்கேடு.

ஜூன் 17

ஒன்பதாவது லேப். இரண்டு கிளை அலுவலகங்கள், நடுவில் இரண்டு ரௌட்டர்கள் — ஊருக்கு ஊர் தபால் பிரித்தனுப்பும் பெட்டிகள் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கிளை கூப்பிட்டால் அந்தக் கிளை பதில் சொல்லவேண்டும். சொல்லவில்லை.

ஜூன் 18

சொல்லவில்லை.

ஜூன் 19

ஜெபகுமார் வந்தார். டெஸ்டிங் பிரிவிலிருந்து தள்ளப்பட்ட இன்னொரு 'வாய்ப்பு', திருநெல்வேலிக்காரர். "எதுக்கு மேடம் கெடந்து சாவுதீய? போன பேட்ச்ல ஒருத்தன் முடிச்ச ஃபைல் இருக்கு. எல்லாரும் அதத்தான் போட்டிருக்கோம். நூத்துக்கு நூறு." உடனே மெயிலில் அனுப்பியும் விட்டார். நல்ல மனுஷர்.

கெட்டிக்காரியாக இருந்தால் அதையே சமர்ப்பித்திருப்பேன். நேர்மை என்று எழுதினால் இந்த டைரிகூடச் சிரிக்கும். வெறும் வீம்புதான். மூணு நாளா என் கழுத்தை அறுத்ததே, ஏன்னு தெரிஞ்சுக்காம விடறதா?

ஜூன் 20

கண்டுபிடித்தேன்! கேள்வி ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தப் பக்கத்து ரௌட்டருக்குத் திரும்பும் வழியை நான் சொல்லவே இல்லை. பாவம், பதிலை வைத்துக்கொண்டு முழித்திருக்கிறது.

பத்தாவது லேபுக்கு நேரமில்லை. மதிப்பெண் எழுபத்திரண்டு. வகுப்பிலேயே கடைசி. ப்ரியம்வதா போனில் கைதட்டும் பொம்மைப் படம் ஒன்றை அனுப்பினாள்.

ஜூன் 24

நேர்காணல். வந்தவர் ஒரு மராத்திக்காரர்; சிரிப்பதற்குத் தனிக் கட்டணம் போலிருக்கிறது. முதல் கேள்வி: "உங்கள் லேபில் எது தப்பாகப் போனது?" அப்பாடா, எனக்குத் தெரிந்த ஒரே பாடம்! அவர் டீ ஆறிப்போகும்வரை பேசினேன்.

நூற்றுக்கு நூறுகளுக்கு எதுவுமே தப்பாகப் போகவில்லையே, என்ன சொல்வார்கள்? ஜெபகுமாரிடம் இன்னொன்றும் கேட்டாராம்: எல்லார் ஃபைலிலும் ரௌட்டருக்கு 'பிரணவ்' என்றே பெயர் இருக்கிறதே, ஏன்? இவர், "என் மகன் பேரு சார்" என்றிருக்கிறார். கான்டீனில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம், அவரும்தான். பிறகு என்னிடம் மட்டும் சொன்னார்: "மகனே கெடையாது மேடம். ரெண்டும் பொம்பளப் பிள்ளைக."

ஜூலை 1

ஹிஞ்சேவாடி வேலை எனக்குக் கிடைத்துவிட்டது. ஜெபகுமாரைப் போகச் சொல்லிவிட்டார்கள். மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். "ஸாரி" என்றேன்.

"நீங்க என்ன மேடம் செஞ்சீய?"

ஒண்ணும் செய்யலை. அதான். தப்பைக் கண்டுபிடிச்ச அன்னிக்கு, 'இங்க வாங்கோ, ஒரு வேடிக்கை பாருங்கோ'ன்னு கூப்பிட்டிருந்தா வாய் வலிச்சிருக்குமா?

ஜூலை 2

போன் செய்தேன். ஹடப்சரில் வீட்டில்தான் இருக்கிறார். முதல் லேபிலிருந்து மறுபடி போடலாமா, சந்தேகம் வந்தால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்றேன். "பாப்போம்" என்றார். கூப்பிடமாட்டார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மழை. ஹிஞ்சேவாடியில் கேப் நகரவில்லை. இந்த ஊரில் இது செய்தியே இல்லை. போன் — ஜெபகுமார்! திங்களன்று வேறொரு கம்பெனியில் நேர்காணலாம். ஏழாவது லேப் வரை தானே போட்டுவிட்டார். அங்கேதான் ரௌட்டருக்கு உயிர் வரமாட்டேன் என்கிறது.

"கம்பி செருகற போர்ட்டை ஆன் பண்ணினேளா?"

"அது தானா ஆவாதா?"

"சுவிட்ச்னா ஆகும். ரௌட்டருக்கு நாமதான் சொல்லணும்."

தட்டச்சு சத்தம். அப்புறம் காது கிழிய: "வந்துட்டு மேடம்! பதில் வந்துட்டு!"

நானும் கத்திவிட்டேன் போலிருக்கிறது. டிரைவர் திரும்பி, பையன் பாஸாகிவிட்டானா என்று இந்தியில் கேட்டார்.

"பையன் இல்லை. அவருக்கு நாற்பத்தெட்டு வயசு" என்றேன்.

"அப்படியானால் எல்லாருக்கும் கொடுக்கப் பேடா இரண்டு மடங்கு வாங்கணும்" என்றார்.