பில்லுக்கு நீட்டிய நோட்டு

ஜூன் 3

அன்புள்ள சம்பந்திக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. ஓட்டலில் நோட்டை இழுத்த வேகத்திலேயே தங்கள் உடல்நலம் தெரிந்துவிட்டது.

சாப்பிட அழைத்தவன் நான். பில்லுக்கு நான் நீட்டிய நோட்டைத் தாங்கள் பிடித்து இழுத்தீர்கள், இரண்டானது. பரிமாறுகிறவர் பார்த்துவிட்டு, “இது செல்லாது சார், வேற குடுங்க” என்றார். கடைசியில் பணம் கட்டியது நிறைமாதமாக இருக்கும் என் மருமகள். தாங்களோ கோபத்தில், கையிலிருந்த பாதியோடு பஸ் ஏறிவிட்டீர்கள்.

வங்கியில் விசாரித்தேன். இரண்டு பாதியும் சேர்ந்து வந்தால் புது நோட்டுத் தருவார்களாம். தங்களிடம் உள்ளதை அனுப்பிவையுங்கள். என்னுடையதுதான் சற்றுப் பெரிய பாதி, அளந்து பார்த்தேன்.

தங்கள் மாப்பிள்ளையின் அப்பா

ஜூன் 8

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

கணக்கு வாத்தியார் அளந்தால் சரியாகத்தான் இருக்கும். நான் இழுத்தது பறிக்க அல்ல, தங்கள் பைக்குள்ளேயே திரும்பத் திணிக்க. பெண்ணைக் கொடுத்தவன் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்தால் என்ன குடி முழுகிவிடும்?

என் கையால் கிழிந்ததை நானே மாற்றித் தருகிறேன். தங்கள் பாதியை அனுப்புங்கள். என்னைப் போன்ற தையற்கடைக்காரனிடம் கிழிசலைக் கொடுக்கத் தயங்குகிறவர் ஊரிலேயே தாங்கள் ஒருவர்தான். அதுவரைக்கும் இத்துடன் ஒரு முழு நோட்டு.

தங்கள் மருமகளின் அப்பா

ஜூன் 13

சம்பந்திக்கு,

முழு நோட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எனக்கு வேண்டியது பாதி.

ஆஸ்பத்திரிக்கு எப்போது வரட்டும் என்று மருமகளிடம் போனில் கேட்டேன். “நோட்டை ஒட்டி எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க மாமா. தனித்தனியா வந்தா வாசல்லயே நிக்க வேண்டியதுதான்” என்றாள். இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் கற்றதல்ல.

மாப்பிள்ளையின் அப்பா

ஜூன் 18

சம்பந்தி அவர்களுக்கு,

என்னிடமும் அதையேதான் சொன்னாள். குழந்தை முகத்தைப் பார்க்க வேண்டும். தாங்களே ஜெயித்ததாக இருக்கட்டும். இத்துடன் என் பாதி.

மருமகளின் அப்பா

ஜூன் 18

சம்பந்திக்கு,

தங்களோடு மல்லுக்கட்ட என் உடம்பில் தெம்பில்லை. இத்துடன் என் பாதி. மாற்றிக்கொண்டு வாருங்கள்.

மாப்பிள்ளையின் அப்பா

ஜூன் 22

சம்பந்தி அவர்களுக்கு,

இப்போது தங்கள் பாதி என்னிடம், என் பாதி தங்களிடம். தயவுசெய்து இனி எதையும் அனுப்பாதீர்கள். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்களாம். இருப்பதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுங்கள்.

மருமகளின் அப்பா

ஜூலை 6

அன்புள்ள சம்பந்திக்கு,

நாம் இருவருமே பசை கொண்டுவராததும், நர்ஸ் திட்டிக்கொண்டே பிளாஸ்திரி போட்டு ஒட்டித் தந்ததும் தங்களுக்குத் தெரியும். நேற்று அந்த நோட்டை வங்கியில் நீட்டினேன். காசாளர் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது நோட்டா, நோயாளியா சார்?” என்றார். ஆனாலும் செல்லுமாம், புதிதாகவே மாற்றித் தருகிறேன் என்றார்.

நான்தான் மாற்றவில்லை. பிறந்த மறுநாள் பேத்தி அதைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாளே, நினைவிருக்கிறதா? அவளாகக் கையை விரிக்கும்வரை அதை இழுக்க நம் இருவருக்குமே துணிவு வரவில்லை.

பிறகு கேன்டீனில் தேநீருக்குத் தாங்கள் பணம் கொடுத்தபோது நான் பேசாமல் இருந்தேன். கவனித்திருப்பீர்கள். எளிதாக இல்லை.

அடுத்த பில் என்னுடையது. தங்கள் கைகள் மேசைக்கு அடியிலேயே இருக்கட்டும்.

பேத்தியின் இன்னொரு தாத்தா